இரண்டு ஆசன வண்டி

ஹோம்புஷ்
4 ஒக்டோபர் 2012

ரஞ்சினி அக்காவுக்கு,

போன் எடுத்தால் "ஒரு நிமிஷம் தாட்சா, பிறகு எடுக்கிறன்" எண்டு வைச்சுப்போடுவீங்கள். கடிதத்தை அப்பிடி வைக்கேலாது. வாசிக்கவேணும், இல்லாட்டிக் கிழிக்கவேணும். கிழிக்கிற அளவுக்கு நீங்கள் போகமாட்டீங்கள் எண்டு இன்னும் நம்புறன்.

ஞாயிற்றுக்கிழமை மெல்பேர்ண் மண்டபத்தில இருந்து சொல்லாமல் வெளிக்கிட்டதுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதுறன் எண்டு நினைக்காதேங்கோ. எங்கட தலகணி ரெண்டும் உங்கட ட்ருகனினா வீட்டில கிடக்கு. கிடக்கட்டும்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். தமிழ்ப் பேச்சுப் போட்டியில நடுக் கதிரையில நடுவரா இருந்தது நீங்கள்தான். ஆனால் கீழ இருந்து பார்த்த எனக்கு அது என்ன எண்டு உங்களுக்குத் தெரியாது.

என்ர பிள்ளைக்கு ஆறு வயசு. நாலரை வயசு வரைக்கும் அவன் சொன்ன சொல்லை நான் ஒரு கொப்பித் தாளில எழுதி வைச்சிருந்தன், ஒரு பக்கம் நிரம்பேல்லை. அப்பதான் நூலகத்தில ஒரு படப்புத்தகம் எடுத்தனாங்கள். பிரான்சில 1894, 95ஆம் ஆண்டுகளில ஓடின முதல் மோட்டார்ப் பந்தயங்களைப் பற்றினது. புத்தகம் இங்கிலீசில. நான் பாத்துப் பாத்துத் தமிழாக்கிச் சொல்லுவன். ஒருநாள் லெவாசோர் எண்ட ஆளின்ர படத்தில விரலை வைச்சு, "அம்மா, ஸ்டியரிங் இல்லை" எண்டான். உண்மைதான். அந்த வண்டிக்கு வட்டம் இல்லை, படகுச் சுக்கான் மாதிரி ஒரு தடிதான். அவ்வளவு நாளும் வாசிச்ச நான் அதைக் கவனிக்கேல்லை. நான் குசினிக்குள்ள போய்த் தண்ணிக் குழாயைத் திறந்துவிட்டிட்டு அழுதனான். அதுக்குப் பிறகு அந்தப் புத்தகத்தை எத்தினை தரம் புதுப்பிச்சிருப்பன் எண்டு எனக்கே தெரியாது.

போட்டிக்கு நீங்கள் எழுதின "போக்குவரத்து" பேச்சைப் பாடமாக்கினான். சிட்னிச் சுற்றில கிசுகிசுத்தே முடிச்சான். அவன்ர பிரிவில நாலு பேர், அதில மூண்டு பேரை மெல்பேர்ணுக்கு அனுப்பினவை. எனக்கும் கணக்குத் தெரியும், பெருமைப்படேல்லை.

மெல்பேர்ணில, "ஆதியில் மனிதன் நடந்து திரிந்தான்" எண்டு தொடங்கி, "பின்னர் மோட்டார் வண்டி வந்தது" எண்ட இடத்தில நிண்டான். நான் முன்வரிசையில இருந்து வாயை அசைச்சுக் காட்டுறன். அவன் என்னைப் பாக்கேல்லை. மேல லைற்றைப் பாத்து, "அந்த வண்டிக்கு ஸ்டியரிங் இல்லை" எண்டான். சனம் சிரிச்சுது. அந்தச் சிரிப்போட அவனுக்குள்ள ஏதோ ஒரு கதவு திறந்துது அக்கா. "லெவாசோர் வெண்டவர்! தனிய ஓடினவர்! நித்திரை கொள்ளேல்லை!" எண்டு கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். மைக்கே தேவைப்படேல்லை. நீங்கள் மணி அடிச்சீங்கள். அவன் அதை வண்டி மணி எண்டு நினைச்சு, "தள்ளுங்கோ, தள்ளுங்கோ, வண்டி வருது!" எண்டான். திரும்ப அடிச்சீங்கள். மூண்டாவது மணியோட ஆரோ ஒரு அன்ரி வந்து கையைப் பிடிச்சு இறக்கினவ. பாரிசில இருந்து போன லெவாசோர் அப்ப போர்டோவில திரும்பினவர்தான். பாரிசுக்கு இன்னும் பாதித் தூரம் கிடந்தது.

பிறகு நீங்கள் எழும்பி வாசிச்சீங்கள்: "தலைப்பை விட்டு விலகியதால் தகுதி நீக்கம்." குரலில ஒரு நடுக்கம்கூட இல்லை.

காரில சீமோர் தாண்டும்போது, "அம்மா, இன்னும் பாரிஸ் வரேல்லை" எண்டான். அதுதான் கடைசி. சிட்னி வரும்வரைக்கும் வாய் திறக்கேல்லை. இண்டைக்கு நாலாம் நாள்.

நான் கேக்கிறது ஒண்டுதான். அந்தத் தாளை வாசிச்சது நடுவரோ, பெரியம்மாவோ?

தாட்சாயினி


ட்ருகனினா
15 ஒக்டோபர் 2012

அன்பின் தாட்சாயினி,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

வாசித்தது நடுவர்தான். நடுவர் கதிரையில் பெரியம்மா இருக்கக் கூடாது. கீழ்ப்பிரிவுக்குக் கொடுத்த பேச்சையே பேச வேண்டும், இரண்டு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று போட்டி விதிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது. நீ கையெழுத்து வைத்த படிவத்திலும் இருக்கிறது. அன்று இருபத்திரண்டு பிள்ளைகள் அந்த விதிப்படி பேசினார்கள். அவர்களுடைய அம்மாமாரும் வீட்டில் பாடுபட்டுத்தான் பாடமாக்கினார்கள்.

நிதுஷன் அப்படிப் பேசியது பெரிய காரியம். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சந்தோசம் வேறு, போட்டி வேறு.

இன்னொன்று. நீ கோபிப்பாய், இருந்தாலும் சொல்கிறேன். அந்தப் பந்தயத்தைப் பற்றி நானும் தேடி வாசித்தேன். லெவாசோர் வென்றார் என்று பிள்ளை சொன்னது பிழை. அவர் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் கிலோமீற்றரை நாற்பத்தெட்டு மணித்தியாலச் சொச்சத்தில் ஓடி, எல்லோருக்கும் முதல் பாரிசுக்கு வந்தார். ஆனால் முதற் பரிசு நாலு ஆசன வண்டிக்கு என்று விதி. அவர் கொண்டு வந்தது இரண்டு ஆசன வண்டி. பதினொரு மணித்தியாலம் பிந்தி வந்தவருக்குப் பரிசைக் கொடுத்தார்கள். அதற்காக அவர் சொல்லாமல் கொள்ளாமல் கார் ஏறிப் போனதாக நான் எங்கும் வாசிக்கவில்லை.

பிள்ளைக்கு நாலு நாள் கொடு. தானாகக் கதைப்பான். நீ பயந்து பதகளிப்பது அவனுக்குத் தெரியும், அதுதான் அவனை அடைக்கிறது.

அத்தான் உங்களை விசாரித்தார்.

அக்கா


ஹோம்புஷ்
21 ஒக்டோபர் 2012

அக்கா,

வாசிச்சிருக்கிறீங்கள். நல்லது. அரைவாசிதான் வாசிச்சிருக்கிறீங்கள். மிச்சத்தை நான் சொல்லுறன், எனக்கு அந்தப் புத்தகம் மனப்பாடம்.

1894இல பாரிசில இருந்து ரூவானுக்கு ஓடினவை. முதல் வந்தது ஒரு நீராவி வண்டி. அதுக்குப் பரிசு? முதல் பரிசு இல்லை. ஏன்? அடுப்பைப் பாக்க ஓட்டுறவரோட இன்னொரு ஆள் வேணுமாம், அது விதிக்குச் சரிவராதாம். அந்தக் காலத்தில பந்தயம் வைச்சவையின்ர வேலையே இதுதான்: முதல் வந்தவனைக் கூப்பிட்டு, உனக்கு ஏன் பரிசில்லை எண்டு விளங்கப்படுத்துறது. வழியில எல்லாரும் வண்டியை நிப்பாட்டி மத்தியானச் சாப்பாடும் சாப்பிட்டவை. எங்கட ஆக்களும் அப்பிடித்தானே, ரோல்ஸ் தின்னு முடியாமல் பரிசளிப்புத் தொடங்காது.

ஆனால் ஒண்டு சொல்லுங்கோ. இண்டைக்கு அந்த நாலு ஆசன வண்டிக்காரரின்ர பேர் ஆருக்குத் தெரியும்? நீங்களே எழுதேல்லை.

இன்னும் ஒண்டு நீங்கள் விட்டிட்டீங்கள். ரூஃபெக் எண்ட ஊரில மாத்தி ஓட்ட ஒரு ஆளை ஒழுங்கு பண்ணியிருந்தவர். லெவாசோர் எதிர்பார்த்ததை விட மூண்டரை மணித்தியாலம் முந்தி வந்திட்டார். மாத்தாள் நல்ல நித்திரை. அவரை எழுப்பிக் கொண்டிருக்காமல் தானே ஓட்டிக்கொண்டு போட்டார். அதாலதான் தனிய ஓடினவர். வீரத்தால இல்லை, வாறதெண்ட ஆள் வராததால.

நான் உங்களை மாத்தாள் எண்டு நினைச்சிருந்தன்.

சரி, இனிச் செய்தி. போட்டிக்கு முந்தியே பள்ளிக்கூடத்தில பேச்சுப் பயிற்சி குடுக்கிற பெண் சொன்னவ: ரெண்டு மொழி பிள்ளையைக் குழப்புது, வீட்டில இங்கிலீஷ் மட்டும் கதையுங்கோ எண்டு. அவன்ர அப்பா நிரோ அண்டைக்கே ஓம் எண்டிட்டார். "ஏதாவது ஒரு மொழியில அவன் கதைக்கட்டும் தாட்சா, எனக்கு அது காணும்." நான்தான் காலைப் பிடிக்காத குறையாக் கேட்டனான், போட்டி முடியும் மட்டும் பொறுங்கோ, தமிழிலயே அவன் கதைப்பான், பாருங்கோ எண்டு. கதைச்சான். நீங்கள் மணி அடிச்சீங்கள். இப்ப மூண்டு கிழமையா வீட்டில "ம்", "ம்ஹூம்". தண்ணி வேணுமெண்டால் கோப்பையைத் தூக்கிக் காட்டுறான்.

நிரோவிட்டக் கேட்ட தவணை முடிஞ்சுது. நாளையில இருந்து எங்கட வீட்டில தமிழ் இல்லை.

தாட்சா


ட்ருகனினா
29 ஒக்டோபர் 2012

தாட்சா,

அப்பிடிச் செய்யாதை.

மூன்று தரம் போன் எடுத்தேன். நீ எடுக்கவில்லை. நிரோஜன் எடுத்து, "அவ குளிக்கிறா அக்கா" என்றார். மூன்று தரமும் குளித்தாயா?

நான் ஒன்றை மறைத்துவிட்டேன். நடுவர் மூன்று பேர். புள்ளி கூட்டும்போது கதிர்காமநாதன் அங்கிள் என்னைப் பார்த்து, "பிள்ளை ரஞ்சினி, விதி கிடக்கட்டும். அந்தப் பெடிக்கு ஒரு சிறப்புப் பரிசு குடுப்பம். இருபது வருசமா இந்த மண்டபத்தில கிளிப்பிள்ளையளைத்தான் பாக்கிறன், இண்டைக்குத்தான் ஒரு பிள்ளை கதைச்சதைப் பாத்தனான்" என்றார். மற்றவவும் சரி என்றா. வேண்டாம் என்று நின்றது நான் ஒருத்திதான்.

ஏன் தெரியுமோ? போன வருசம் இன்னொரு நடுவரின் தங்கச்சி மகளுக்கு முதற் பரிசு கிடைச்சது. பிள்ளை உண்மையாகவே திறம். ஆனால் கார் தரிப்பிடத்தில் சனம் கதைச்ச கதை! "சொந்தத்துக்கு அள்ளிக் குடுக்கினம்" எண்டு. அந்தப் பிள்ளையின் காதிலயே விழுந்தது. என்னைப் பற்றி ஒருத்தரும் அப்பிடிச் சொல்லக்கூடாது எண்டு நினைச்சன். நிதுஷன் என்ர தங்கச்சியின்ர மகனா இல்லாட்டி, அண்டைக்கு நானே அங்கிளிட்ட அதைக் கேட்டிருப்பன். அந்நியப் பிள்ளையா இருந்திருந்தால் அவனுக்குப் பரிசு கிடைச்சிருக்கும். இதைத்தான் நான் நீதி எண்டு நினைச்சுக்கொண்டு எழும்பி வாசிச்சனான்.

நீ என்னைத் திட்டு. ஆனால் தமிழை நிப்பாட்டாதை. நான் சொல்லுற ஆள் இல்லைத்தான். துவாரகாவைக் கேள், என்ர மகள், பத்தொன்பது வயசு. நான் தமிழில கேட்டால் இங்கிலீசில பதில். ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் புள்ளி போடுறன், என்ர வீட்டுக் குசினியில எனக்குப் புள்ளி முட்டை. அவள் சின்னனில இங்கிலீசில பதில் சொன்ன நேரம் எனக்கு அவசரம், வேலைக்குப் போகவேணும், சரியெண்டு விட்டனான். விட்டதை இண்டு மட்டும் பிடிக்க முடியேல்லை.

அங்கிளிடம் பேசினேன். இத்துடன் நிதுஷனுக்கு ஒரு சிறப்புச் சான்றிதழ் அனுப்புகிறேன். மூன்று பேரும் கையெழுத்து வைத்திருக்கிறோம். அவனிடம் கொடு.

அக்கா


ஹோம்புஷ்
25 நவம்பர் 2012

அக்கா,

சான்றிதழைத் திருப்பி அனுப்புறன். மடிக்காமல்தான் வைச்சிருக்கிறன். அவனுக்குக் காட்டேல்லை. கண்டால் "இது என்ன" எண்டு கேப்பான். எந்த மொழியில விளங்கப்படுத்துறது?

உண்மையைச் சொன்னதுக்கு நன்றி எண்டு எழுதப் பேனையை எடுத்தனான், எழுத வரேல்லை. நீங்கள் சொன்னதுக்குப் பிறகு கோபம் குறையும் எண்டு பாத்தால் கூடியிருக்கு. விதியால எண்டால் விதியோட கோபிக்கலாம். கார் தரிப்பிடத்துச் சனத்துக்காகவா?

நீங்கள் விசாரிக்காட்டியும் சொல்லுறன், ஐஞ்சு கிழமையா இங்கிலீஷ் வீடு. நான் படிச்ச பெண், யாழ்ப்பாணத்தில பட்டம் எடுத்தனான், இங்க வந்தும் ஒரு கோர்ஸ் முடிச்சனான். இங்கிலீஷ் எனக்குப் பயமில்லை. ஆனால் பிள்ளையைக் கொஞ்ச வருகுதில்லை. "ப்ளீஸ் வொஷ் யுவர் ஹாண்ட்ஸ்", "ப்ளீஸ் சிற் டவுண்." விசா அலுவலகத்தில கவுண்டருக்கு அங்கால இருந்து கதைக்கிற மாதிரி இருக்கு. கோபம் வந்தால்தான் மோசம். "எருமை" எண்டு வாய்க்குள்ள வரும், முழுங்கிறன். இங்கிலீசில ஏசினால் உண்மையான ஏச்சு மாதிரிக் கேக்குது, அவன் பயப்பிடுறான். தமிழில ஏசினால் சிரிப்பான்.

பந்தயப் புத்தகத்தை இங்கிலீசிலயே வாசிச்சுக் காட்டினன். ரெண்டு பக்கம் கேட்டான். பிறகு மெல்ல மூடி, என்ர மடியில இருந்து இறங்கிப் போட்டான். புத்தகத்தைத் திருப்பிக் குடுத்திட்டன்.

அவன் கதைக்கத் தொடங்கியிருக்கிறான். "மோர்." "நோ." "மை டேர்ன்." நிரோவுக்குச் சந்தோசம். நானும் சந்தோசப்படவேணும்தானே.

இனிக் கொஞ்ச நாளைக்கு எழுதாதேங்கோ.

தாட்சா


ட்ருகனினா
16 ஜனவரி 2013

தாட்சா,

எழுதாதை எண்டாய். ஏழு கிழமை பொறுத்தன்.

பொங்கலுக்குப் போன் எடுத்தேன். நிரோஜன் கதைத்தார். நிதுஷனைக் கேட்டேன். "அக்கா, குறை நினைக்காதேங்கோ, தமிழில கதைக்கிற ஆக்களோட இப்போதைக்கு வேண்டாம் எண்டு சொல்லியிருக்கினம்" என்றார். பின்னால் நிதுஷனின் சத்தம் கேட்டது, கார் ஓடுகிற மாதிரி வாயால் ஊதிக்கொண்டிருந்தான். அதற்கு மொழி இல்லைத்தானே என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன்.

இந்த வருசம் நடுவராக இருக்க மாட்டேன் என்று அங்கிளுக்குச் சொல்லிவிட்டேன். உனக்காகச் செய்தேன் என்று எடுத்துக்கொள்ளாதே. மணியைக் கையில் எடுக்கப் பிடிக்கவில்லை.

பதில் எழுத வேண்டாம். சுகமாக இருங்கள்.

அக்கா


ஹோம்புஷ்
17 மார்ச் 2013

அக்கா,

பதில் எழுதாமல் இருக்கத்தான் நினைச்சனான். இண்டைக்கு எழுதாட்டி எனக்குத் தலை வெடிச்சுப்போகும்.

பெரிய ஆஸ்பத்திரியில ஒரு பேச்சு நிபுணரைப் பாக்க எட்டு மாதத்துக்கு முந்திப் பதிஞ்சு வைச்சிருந்தனாங்கள். போன கிழமைதான் இடம் கிடைச்சுது. வயசான வெள்ளைக்காரப் பெண். அவனோட ஒரு மணித்தியாலம் விளையாடினா. பிறகு எங்களிட்டக் கேட்டா, "வீட்டில் என்ன மொழி?" நிரோ பெருமையா, "ஒன்லி இங்கிலீஷ், ஃபைவ் மன்த்ஸ் நவ்" எண்டார். அவ பேனையை வைச்சிட்டு, "ஏன்?" எண்டா.

ரெண்டு மொழியால பிள்ளைக்குப் பேச்சுப் பிந்துறதில்லையாம். அவனுக்குப் பிந்தினது பிந்தினதுதான், ஒரு மொழி எண்டாலும் பிந்தியிருக்கும். கூட்டமும் புது ஆக்களும்தான் அவனுக்குப் பயம். அம்மா தனக்கு இயல்பா வாற மொழியில கதைக்கிறதுதான் பிள்ளைக்கு நல்லதாம். "யார் உங்களுக்கு நிறுத்தச் சொன்னது?" எண்டு கேட்டா. நிரோ நிலத்தைப் பாத்தார். நான் ஆரைச் சொல்லுறது? பள்ளிக்கூடப் பெண்ணையா, அவரையா, உங்களையா? கடைசியா வாயை மூடினது நான்தானே.

அண்டைக்குக் காரிலயே தொடங்கினன். "நிது, என்ர குஞ்சு, பசிக்குதோ?" அவன் யன்னலைப் பாத்துக்கொண்டு இருந்தான்.

நேற்று ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போனனாங்கள். ஐயர் குனிஞ்சு, "பேர் என்னப்பா?" எண்டார். இவன் நிமிர்ந்து, "நிது. வாட்ஸ் யோர்ஸ்?" எண்டான். ஐயர் சிரிச்சார், சுத்தி நிண்ட சனமெல்லாம் சிரிச்சுது. மெல்பேர்ணில சிரிச்ச மாதிரியேதான். புது ஆக்களுக்கு முன்னால வாய் திறந்திட்டான் அக்கா, நான் எத்தினை வருசம் காத்திருந்தன் இதுக்கு! நானும் சிரிச்சு, அவன்ர தலையைத் தடவி, "கெட்டிக்காரன், வா செல்லம், பிரசாதம் வாங்குவம்" எண்டன்.

அவன் என்ர கையைத் தள்ளிவிட்டிட்டுச் சொன்னான்: "அம்மா, ஸ்டொப் இற். டோக் ப்ரொப்பர்லி."

முழு வசனம். தெளிவா. எல்லாருக்கும் கேக்க.

எண்ணிப் பாத்தன், ஐஞ்சு சொல். கொப்பித் தாளில எழுதவா?

இப்ப நான் தமிழில ஒண்டு கேட்டால் காதைப் பொத்துறான். நான் விடாமல் கதைச்சால் தனக்குள்ள போய்த் திரும்ப மூடிடுவானோ எண்டு பயம். விட்டால் துவாரகா மாதிரி. நிரோ, "இங்கிலீஷ் விளங்குற ஆக்களிட்ட அவன் ஏன் தமிழில கதைக்கவேணும், யோசிச்சுப் பார்" எண்டுறார். மனுசன் சொல்லுறதில பிழையும் இல்லை. எங்களுக்கு இங்கிலீஷ் தெரியும் எண்டது அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. இனி எப்பிடி மறைக்கிறது?

உங்களிட்ட ஒண்டும் கேக்கேல்லை. ஆரிட்டையாவது சொல்லவேணும், அவ்வளவுதான்.

தாட்சா


ட்ருகனினா
20 மார்ச் 2013

என்ர தாட்சா,

ஈஸ்டர் லீவுக்கு வாறன். பெரிய வெள்ளி காலமை வந்து இறங்குவன். வேலையில சொல்லி ரெண்டு கிழமை எடுத்திட்டன். வேண்டாம் எண்டு போன் எடுக்காதை, எடுக்கமாட்டன்.

புத்தகம் கொண்டு வரேல்லை. பாடமாக்க ஒண்டும் கொண்டு வரேல்லை. அவனைத் தமிழில கதை எண்டு சொல்லவும் மாட்டன். நீயும் சொல்லாதை. காதைப் பொத்தினால் பொத்தட்டும். நான் பாட்டுக்குக் குசினியில நிண்டு தோசை சுடுவன். அவனுக்கு ரெண்டாவது தோசை வேணுமெண்டால் என்னட்டைத்தான் கேக்கவேணும்.

இப்ப நீ செய்யவேண்டியது ஒண்டு இருக்கு. நிரோஜனிட்டையும் சொல்லி வை, வாய் தவறக் கூடாது. எனக்கு வேலை பதின்மூண்டு வருசமா நகரசபை முறைப்பாட்டு மேசையில. காலமை ஒன்பது மணியில இருந்து ஐஞ்சு மணி மட்டும் வெள்ளைக்காரரிட்ட இங்கிலீசில ஏச்சு வாங்கி, இங்கிலீசிலயே திருப்பிக் குடுக்கிறவள் நான். நிதுஷன் இதைக் கண்டதில்லை. அவன் என்னைப் பாத்த நேரமெல்லாம் நான் தமிழ்தான் கதைச்சிருக்கிறன், அந்த மேடையில வாசிச்சதும் தமிழில. கெட்டதிலயும் அது ஒரு நன்மை.

அவனுக்குச் சொல்லு: பெரியம்மா வாறா. பெரியம்மாவுக்கு இங்கிலீஷ் ஒரு சொல்லும் தெரியாது.

ரஞ்சினி அக்கா